புதுமனையும் மனையறமும்



அருகன் திருவடி வணங்கி, இவ்விதழில் நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள், இன்று நம்மவர் இல்லங்கள் பலவற்றில் மேசைமேல் விரிந்து கிடக்கும் ஒரு தாளைப் பற்றியது. அது புது வீட்டின் வரைபடம். எத்தனை அறை, எப்பக்கம் வாசல், எங்கே மாடிப்படி என்று குடும்பமே அதைச் சுற்றி அமர்ந்து ஆராய்கிறது. அந்த ஆராய்ச்சியில் திருவறத்திற்கும் ஓர் இருக்கை உண்டா என்பதே நம் வினா.

வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களில் நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளுக்கு வரைபடம் எழுதியவர் எவருமில்லை. திண்ணை, நடை, முற்றம், கூடம், சமையற்கட்டு, கொல்லைக் கிணறு என்ற ஒழுங்கு வழிவழியாக வந்தது. ஊர் நடுவே ஜினாலயம் நின்றது. பொழுது சாயுமுன் எல்லா வீட்டிலும் அடுப்பு அணைந்தது. ஒரு வீட்டுப் பிள்ளை இருட்டிய பின் உணவு கேட்டால் அடுத்த வீட்டுப் பாட்டியே கண்டிப்பார். அறத்தைக் காக்க ஊரே சுவராக நின்றது. இன்றோ படிப்பையும் பணியையும் முன்னிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டோம். அக்கம்பக்கத்தில் நம்மவர் இல்லை, ஆலயமோ தொலைவில். ஊர் செய்த வேலையை இனி வீடு ஒன்றே செய்ய வேண்டும். ஆதலின் வரைபடத்தில் இன்று நாம் இழுக்கும் கோடு, நம் பேரப்பிள்ளைகள் சிராவகராக வளர்வார்களா என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறது.

நோக்கம் முதலில்

ஆசிரியப் பயிற்சியில் மாணாக்கர்க்கு நாம் முதலிற் கற்பிப்பது பாடக்குறிப்பு எழுதும் முறை. கரும்பலகையில் என்ன வரைவது, எந்தக் கதையைச் சொல்வது என்பனவெல்லாம் பின்னர் வரும். முதல் வரியில் எழுத வேண்டியது பாடத்தின் நோக்கம். நோக்கம் தெளிவில்லாத பாடம் எத்துணை அழகாக நடந்தாலும் மணி அடித்ததும் மறந்துபோகும். வீட்டிற்கும் இதுவே முறை.

போகபூமிக் காலத்தில் மாந்தர் வீடு கட்டவில்லை என்று நம் புராணங்கள் கூறும். பத்து வகைக் கற்பக மரங்களுள் கிருகாங்கம் என்பது வேண்டிய இல்லத்தைத் தந்தது. அம்மரங்கள் வலிகுன்றி மறைந்தபோது மக்கள் செய்வதறியாது திகைத்தனர். ஆதிபகவன் விருஷபதேவர் அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிபம், சிற்பம் என்ற அறுதொழில்களைக் கற்பித்து அவர்களை வாழவைத்தார். அவற்றுள் சிற்பத்தின் பகுதியே மனையமைத்தல். மரம் தந்த வீட்டில் முயற்சி இல்லை. ஆகவே அறமுயற்சியும் இல்லை. நாம் உழைத்துக் கட்டும் வீட்டிலோ ஒவ்வொரு செங்கல்லிலும் நம் எண்ணம் கலந்திருக்கிறது. கர்மபூமியில் பிறந்தோர்க்கே விரதமும் தவமும் கைகூடும் என்பதால், வீடு கட்டும் தொல்லையையும் அறம் செய்யும் வாய்ப்பாக ஏற்பதே சிராவகர் கடன்.

அளவுகோலுக்கு முன் ஓர் அளவு

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. இதனைப் பரிக்கிரக பரிமாணம் என்பர். ஆசார்ய உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்திற்கு மாசாவன எவை என்று எண்ணும்போது முதலில் வைப்பது நிலத்தையும் வீட்டையுமே. பொன், வெள்ளி, தானியம் எல்லாம் அதற்குப் பின்னரே வருகின்றன. தாமே வகுத்துக்கொண்ட எல்லையை நிலத்திலும் வீட்டிலும் மீறுவது விரதத்திற்குக் குற்றம். எல்லையையே வகுக்காதவர்க்கு மீறலும் தெரியாது. அதுவே பெரிய இடர்.

ஆகவே பொறியாளரிடம் செல்லுமுன் குடும்பத்தார் கூடி அமர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நாம் எத்தனை பேர்? உண்மையில் எத்தனை அறை வேண்டும்? எத்தனை சதுர அடியோடு நிறுத்திக்கொள்வோம்? எவ்வளவு கடனுக்கு மேல் வாங்கமாட்டோம்? அரை கிரவுண்டு மனை என்பது 1200 சதுர அடி. அதில் அடக்கமாக வாழ்ந்த பெரிய குடும்பங்களும் உண்டு. அதனினும் இருமடங்கு இடத்தில் இருவர் மூச்சுத்திணறி வாழ்வதும் உண்டு. வேண்டாத அறை வெற்றறையாக நெடுநாள் இராது. அதை நிரப்பக் கட்டில் வரும்; கட்டிலுக்கு அலமாரி வரும்; அலமாரிக்குத் துணி வரும். அத்தனையையும் துடைக்கவும் பூட்டவும் காக்கவும் நம் ஆயுள் செலவாகும். மாதத் தவணை கட்டுவதற்காகக் கணவனும் மனைவியும் இரவு வெகுநேரம் உழைத்து, கட்டிய வீட்டில் தூங்க மட்டும் வருவதை நாம் காண்கிறோம். வீடு நமக்கா, வீட்டிற்கு நாமா?

புறப்பற்று பத்து, அகப்பற்று பதினான்கு என நூல்கள் கூறும். வீடு புறப்பற்றுள் ஒன்று. ஆயினும் "எதிர் வீட்டாரினும் ஓரடியாவது உயரமாக" என்று மனத்தில் எழும்பும் மாடி இருக்கிறதே, அது மானம் என்னும் அகப்பற்று. அதற்கு எந்த நகராட்சியும் அனுமதி மறுப்பதில்லை. நாமே மறுத்தாக வேண்டும்.

அடுப்பும் நீரும்

நம் இல்லத்தின் அறம் பெரும்பாலும் சமையலறையில்தான் வாழ்கிறது. இரவுண்ணாமையும் நீர் வடிகட்டுதலும் நம்மைப் பிறரினின்று அடையாளம் காட்டிய இரு ஒழுக்கங்கள். இவ்விரண்டிற்கும் வரைபடத்தில் இடம் வேண்டும்.

சமையலறையைத் தென்கிழக்கில் அமைப்பது நாட்டு வழக்கம். அங்குக் காலை ஒளி நன்கு வரும். மாலை ஒளி எட்டாது. நமக்கோ மாலை ஒளியே இன்றியமையாதது. கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுகிறான். ஆகவே உண்ணும் இடத்தையேனும் மேற்கு வானம் தெரியும் சன்னலோடு அமையுங்கள். பொழுது இறங்குவதைக் குழந்தை கண்ணாரக் கண்டால், "இப்போதே உண்போம்" என்று கூறத் தாய்க்குக் கடிகாரம் வேண்டியதில்லை. சன்னலற்ற மூலையில் நண்பகலிலும் விளக்கேற்றி உண்டு பழகிய குழந்தைக்கு, பகல் உணவு, இரவு உணவு என்ற வேறுபாடே விளங்காது.

நீரைக் கெட்டித் துணியில் இருமடியாக மடித்து வடிகட்டுவதும், ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடங்கள், கழிந்தபின் மீண்டும் வடிகட்டுவதும், துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எடுத்த நீரிலேயே மெல்லச் சேர்ப்பதும் நம் முறை. கொல்லைக் கிணறு இருந்தவரை இது எளிதாயிற்று. நிலத்தடி நீர் ஆழமின்றிக் கிடைக்கும் ஊராயின், இடம் இருப்பின், சிறிய உறைக்கிணறு ஒன்றிற்கு வரைபடத்தில் வட்டமிடுங்கள். இயலாதாயின், சமையல் மேடையில் வடிகட்டும் குடத்திற்கென ஓரடி இடமாவது ஒதுக்குங்கள். இடம் ஒதுக்கப்பட்ட பழக்கம் நிலைக்கும். இடமில்லாத பழக்கம் ஒரு தலைமுறையில் மறையும். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கியது. சட்டத்திற்கு அஞ்சிக் குழி தோண்டி மூடிவிடாமல், நீருயிர்களையும் மாந்தரையும் காக்கும் அறமென்று அதனைச் செம்மையாகச் செய்யுங்கள்.

இன்னுமொன்று. நம் முனிவர்கள் நாளில் ஒருமுறை, நின்றவாறே, கைகளையே கலமாகக் கொண்டு ஆகாரம் ஏற்பவர்கள். அவர்களை வாசலில் எதிர்கொண்டு, உயர்ந்த இருக்கை தந்து, பாதம் கழுவி, ஒன்பது வகை உபசாரங்களோடு உணவளிப்பது இல்லறத்தாரின் பெரும்பேறு. விருஷபதேவர் தவக்கோலத்தில் ஆகாரத்திற்கு எழுந்தருளியபோது மக்கள் யானையையும் பொன்னையும் மணியையும் கொண்டுவந்து நீட்டினர். முனிவர்க்கு வேண்டுவது தூய உணவு என்பதை அறிந்தவர் இல்லை. பல மாதங்கள் அவ்வாறே கழிந்தன. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்சன் முற்பிறவி நினைவால் முறையறிந்து கரும்புச் சாறு அளித்தான். அந்நாளே நாம் கொண்டாடும் அட்சய திருதியை.

நம் புது வீடுகளும் அந்த மக்களின் கைகளைப் போல விலையுயர்ந்த பொருள்களால் நிறைந்திருக்கின்றன. ஒரு முனிவர் எழுந்தருளினால், வாசலிலிருந்து உணவருந்தும் இடம்வரை செருப்பு அலமாரியையும் கழிப்பறையையும் கடவாத தூய வழி உண்டா? உணவில் சிற்றுயிர் வீழ்ந்துள்ளதா என்று நோக்க இயற்கை ஒளி உண்டா? "முனிவர் எங்கள் தெருவிற்கு என்று வரப்போகிறார்?" என்று கேட்பீர்கள். என்றோ ஒருநாள் வரலாம். முனிவர்க்கு உணவளிக்கத்தக்க வீட்டில் அந்த ஒருநாள் நீங்கலாக எஞ்சிய நாள்களெல்லாம் தூய உணவு உண்பவர்கள் உங்கள் பிள்ளைகளே.

மண்ணிலும் உயிர் உண்டு

கொலையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுப்பர். எண்ணித் துணிந்து செய்யும் முதல் வகையை இல்லறத்தார் அறவே விடவேண்டும். சமைத்தல், கட்டுதல் முதலிய இல்வாழ்க்கைச் செயல்களில் நேரும் ஆரம்பி இம்சையை முற்றும் விலக்க இயலாது. ஆனால் அதனைக் குறைக்கும் விழிப்பு நம் கையில் உள்ளது. மண், நீர், தீ, காற்று, தாவரம் என்னும் ஓரறிவுயிர்களோடு, எறும்பும் புழுவும் பூரானும் வாழும் நிலத்தைத்தான் நாம் தோண்டுகிறோம்.

மழைக்காலத்தில் சிற்றுயிர்கள் பெருகும் என்பதால் முனிவர்களே நடையை நிறுத்தி ஓரிடத்தில் தங்குகிறார்கள். நாம் ஐப்பசி அடைமழையில் அடித்தளம் தோண்டலாமா? தை பிறந்து நிலம் உலர்ந்தபின் தொடங்கலாமே. மனையில் ஒரு வேம்பு நின்றால், அதனை வெட்டுமுன் வரைபடத்தை நான்கடி நகர்த்த இயலுமா என்று பாருங்கள். தாளை நகர்த்துவது எளிது. நீர்த்தொட்டிகளுக்கு இறுகிய மூடி போடுங்கள். சுண்ணாம்புக் குழியைத் திறந்தபடி விடாதீர்கள். விளக்கொளிக்கு வரும் பூச்சிகள் மடியாதிருக்கச் சன்னல்களுக்கு வலை அடியுங்கள். கழிவுநீர் தேங்காமல் ஓட வாட்டம் விடுங்கள். கொசுவைப் பிறக்கவிட்டுப் பின் மருந்தடித்துக் கொல்வதினும், பிறவாமல் தடுப்பது நன்று. கறையானுக்கு அஞ்சி மண்ணில் நஞ்சு ஊற்றுவதைத் தவிர்க்க விரும்புவோர், கறையான் அரிக்காத கல்லும் கான்கிரீட்டும் இரும்புமாகிய நிலைகளையும் சட்டங்களையும் தொடக்கத்திலேயே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டல், செடி கொய்தல் ஆகியவற்றை அனர்த்த தண்டம் என்று விலக்குவது குணவிரதங்களுள் ஒன்று. இதனை அருங்கலச்செப்பு நமக்குத் தமிழில் எடுத்துரைக்கிறது. அழகுக்காக மட்டும் முகப்பில் எழுப்பும் போலித் தூண்களையும் இரவெல்லாம் எரியும் அலங்கார விளக்குகளையும் இவ்விரதத்தின் முன் நிறுத்திப் பாருங்கள். எவை வேண்டும், எவை வேண்டா என்பது தானே விளங்கும்.

திசை அச்சமும் காவும்

வீடு கட்டுவோரை ஆட்டிப்படைப்பது அச்சம். வாசல் அரையடி தள்ளியிருப்பதால் தொழில் நொடிக்கும், படி எண்ணிக்கை பிழையானால் உயிர் போகும் என்று யாரேனும் சொல்ல, கட்டிய சுவரை இடித்தவர் நம்முள்ளும் உண்டு. திசைக்குப் பயன் உண்டு. கதிரவன் கிழக்கே எழுகிறான். காற்று ஒரு பக்கமிருந்து வருகிறது. சாமாயிகம் செய்வோர் கிழக்கையோ வடக்கையோ நோக்கி அமர்கின்றனர். இவற்றை நோக்கி வீட்டை அமைப்பது அறிவு. இன்ப துன்பங்களோ நம் வினையின் விளைவு. சுவரை நகர்த்தி வினையை நகர்த்த முடியுமாயின், தீர்த்தங்கரர்கள் தவம் செய்திருக்க வேண்டியதில்லை. நற்காட்சிக்கு மாசாகிய மூவகை மூடங்களுள் உலக மூடத்தை நாம் விலக்கியே ஆகவேண்டும்.

அடித்தளத்தன்றோ தளம் போடும் நாளன்றோ, "வேலையாள்களின் மன நிறைவுக்கு" என்று கோழிக் காவு கேட்கும் வழக்கம் சிலவிடங்களில் உண்டு. "நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை, பணம் மட்டும் கொடுத்தோம்" என்று அமைதி கொள்வோர் யசோதர காவியத்தை எண்ணுக. தீக்கனவுக்கு அஞ்சிய யசோதர மன்னன், தாய் சந்திரமதியின் சொற்படி மாவினால் செய்த கோழியைத்தான் பலியிட்டான். அதில் உயிர் இல்லை. கொல்லும் எண்ணம் இருந்தது. அந்த எண்ணத்தால் தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். மாக்கோழிக்கே அத்துணைத் துயர் என்றால், நம் பணத்தில் அறுபடும் உயிர்க்கோழிக்கு யார் விடை சொல்வது? பணியாளர்க்கு அன்று புத்தாடையும் வயிறார மரக்கறி விருந்தும் அளியுங்கள். இதனை ஒப்பந்தம் பேசும் முதல்நாளே அன்போடு சொல்லிவிட்டால், எந்தக் கொத்தனாரும் மறுப்பதில்லை.

யாருக்கு எங்கே இடம்?

வரைபடங்களுள் தலையாயது சமவசரணம். குபேரன் அமைத்த அம்மண்டபத்தில் பன்னிரண்டு கோட்டங்கள். முனிவர்க்கு ஓரிடம், ஆரியாங்கனைகளுக்கும் சிராவகியர்க்கும் ஓரிடம், தேவர்களுக்கும் தேவியர்க்கும் இடங்கள், மாந்தர்க்கு ஓரிடம். பன்னிரண்டாவது கோட்டம் விலங்குகளுக்கு. பகவானின் திருமுகம் நாற்புறமும் தோன்றியதால் எவரும் அவர் முதுகைப் பார்த்து அமரவில்லை. இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட உயிரும் இல்லை. இவ்வளவுகோலால் நம் வீட்டை அளந்து பார்ப்போம்.

முன்பு நம்மிடம் பயின்று, பின்னர் ஆசிரியரான ஒருவர், தம் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார். கீழே கார் நிறுத்துமிடம், கூடம், விருந்தினர் அறை, சமையலறை. மேலே மூன்று படுக்கையறைகள். கணவனை இழந்த அவருடைய தாய் எழுபதைக் கடந்தவர். நாள்தோறும் இருவேளை சாமாயிகம் தவறாதவர்.

"அம்மாவுக்கு எது, தம்பி?" என்றோம்.

"அம்மா எங்கு வேண்டுமானாலும் படுத்துக்கொள்வார்கள், டீச்சர். அவர்களுக்கு எதுவும் வேண்டாம்."

"'எங்கு வேண்டுமானாலும்' என்று இதில் ஓர் அறையும் இல்லையே" என்றோம்.

அவர் நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தாயையும் அழைத்து வந்தார். அவ்வம்மையார் கேட்டது சிறிது. "முட்டி மடங்கவில்லை, மாடி வேண்டாம். கிழக்கே பார்த்து உட்கார ஒரு சன்னல் இருந்தால் போதும்." ஆண்டிற்கு நான்கு நாள் வரும் விருந்தினர்க்கென வைத்த அறை அவருடையதாயிற்று. சக்கர நாற்காலி நுழையும்படி வாயில் மூன்றடி அகலமாயிற்று. அடுத்த சுவர் பூசையறையின் சுவர். குடிபுகுந்த மூன்றாம் ஆண்டில், அவ்வறையில்தான், பேரப்பிள்ளைகள் பஞ்ச நமஸ்காரத்தை ஓத, அதனைச் செவிமடுத்தவாறே அவர் உயிர் அமைதியாகப் பிரிந்தது. பிள்ளைகளுக்கு மரணம் அச்சம் தரும் காட்சியாக இல்லை. பாட்டி விடைபெற்றுச் சென்ற நிகழ்ச்சியாக இருந்தது.

வீட்டை வரைவோர் திருமணத்தை எண்ணுவர், பிள்ளைப்பேற்றை எண்ணுவர். இறுதி நாளை எண்ணுவோர் அரியர். சமாதி மரணத்தை வேண்டி நாள்தோறும் வழிபடும் நாம், அதற்குத் தக்க அமைதியான ஓரறையை இல்லத்தில் வைக்க மறப்பது முறையாகுமா? அவ்வறை இன்று முதியவர்க்கு, நாளை நமக்கு.

அவ்வாறே, வேலைக்கு வரும் பெண்மணி தரையின் ஓரத்தில் ஒடுங்காமல் அமர்ந்து உண்ண ஓரிடம், பிள்ளைகள் பெற்றோர் கண்பார்வையில் படிக்க ஓரிடம், மொட்டை மாடியில் பறவைகளுக்கு நிழலில் ஒரு நீர்க்கலம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் கோட்டத்தை மறவாதீர்கள்.

அன்பர்களே, தமிழில் 'வீடு' என்னும் சொல் ஒன்றே நாம் குடியிருக்கும் மனையையும், வினைநீங்கிய முத்தியையும் குறிக்கிறது. பற்றை விடுதலே வீடு. விடுவதைக் கற்பிக்கும் பள்ளியாக நம் மனை அமையுமாயின் இரு பொருளும் ஒன்றோடொன்று பொருந்தும். வரைபடத்தில் கையெழுத்திடுமுன் ஒருநாள் குடும்பத்தோடு ஆலயம் செல்லுங்கள். நீங்கள் எழுதிய எல்லைத் தாளை ஜினபகவான் திருமுன் வைத்து, இவ்வளவில் நிறைவு கொள்வோம் என்று விரதம் ஏற்றுத் திரும்புங்கள். அதன்பின் கொத்தனார் நூல் பிடிக்கட்டும்.

ஓங்குக ஜினதர்மம்! வளர்க இல்லறம்!